தோட்டத்து ஆற்றில் ஃபிளை தூண்டில்: கம்பு வாங்குவது முதல் மீனை விடுவது வரை

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தூண்டில் புதிதில்லை. லயத்துக்குப் பின்னால் ஓடிய வாய்க்காலில் மூங்கில் கம்பும் தங்சி என்கிற நைலான் நூலும் மண்புழுவும் வைத்துக்கொண்டு புயு பிடித்திருப்போம். அதைத்தான் ஊரில் பனையேறிக் கெண்டை என்பார்கள். மழை விட்ட சாயங்காலம் ஹாருவான் பிடித்து, அம்மா வைக்கிற விரால் குழம்புக்காகக் காத்திருந்ததும் உண்டு. ஃபிளை தூண்டில் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஆனாலும் அதைப் பார்க்கிற நம் ஆட்கள், 'அது வெள்ளைக்காரன் குளிர்நாட்டு ஓடையில் செய்கிற வேலை, நம் ஆற்றுக்குச் சரிப்படாது' என்று ஒதுக்கிவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். சுங்கை பிளஸ் கரையில் ஒரு காலை நேரத்தில், கோழி இறகில் கட்டிய ஒரு சின்னப் பொருளை ஒரு செபராவ் மீன் பாய்ந்து கவ்வியதைப் பார்த்தபின் அந்த எண்ணம் போய்விட்டது.

நம் தோட்டப்புற ஆறுகளுக்கும் குட்டைகளுக்கும் ஏற்றபடி, முதல் நாளிலிருந்து என்ன வாங்குவது, எப்படிக் கட்டுவது, எப்படி வீசுவது என்று வரிசையாகச் சொல்கிறேன். வீச்சைப் பற்றி மட்டும் கொஞ்சம் அதிகமாகவே பேசுவேன். பெரும்பாலானவர்கள் விட்டுவிட்டுப் போவது அந்த இடத்தில்தான்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்

சாதாரண ரீல் தூண்டிலில் நாம் வீசுவது எடையை. ஈயக்குண்டோ உலோக மீனோ முன்னால் பறக்கும், மெல்லிய நூல் அதன் பின்னால் இழுபட்டுப் போகும். ஃபிளை தூண்டிலில் இது தலைகீழ். ஃபிளை என்பது முள்ளில் இறகும் நூலும் கட்டிச் செய்த போலிப்பூச்சி அல்லது போலிமீன். பெரும்பாலும் ஒரு கிராம்கூடத் தேறாது, எறிந்தால் காலடியிலேயே விழும். அதனால் நூலுக்கே எடை கொடுத்திருக்கிறார்கள். தடித்த, பிளாஸ்டிக் பூச்சுள்ள அந்த நூலைத்தான் வீசுகிறோம். ஃபிளை அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போகிறது.

இது மனத்தில் ஏறிவிட்டால், கம்பு ஏன் இவ்வளவு நீளம், நூல் ஏன் இவ்வளவு தடிமன், வீசும்போது ஏன் நடுவில் நிற்கவேண்டும் என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் தானாக வரும்.

கம்பும் நூலும் ஒரே எண்ணில்

கடையில் ஃபிளை கம்பைக் கேட்டால் 'எத்தனை வெயிட்?' என்பார்கள். அது கம்பின் எடை அல்ல, அந்தக் கம்பு சுமக்கவேண்டிய நூலின் எண். நூலின் முதல் 30 அடியை நிறுத்து இந்த எண்ணைத் தருகிறார்கள். 5-ஆம் எண் நூலுக்கு அந்த 30 அடி 140 கிரெய்ன், 6-ஆம் எண்ணுக்கு 160, 8-ஆம் எண்ணுக்கு 210. கிராமில் சொன்னால் 6-ஆம் எண் நூலின் அந்தப் பகுதி 10 கிராமுக்குச் சற்று மேல். அதாவது ஒரு சாதாரண உலோக மீனின் எடையை எடுத்து 30 அடிக்கு நீட்டிப் பரப்பியதுபோல.

முதல் கம்புக்கு என் பரிந்துரை 6-ஆம் எண், 9 அடி நீளம், நான்கு துண்டு. செபராவ், லம்பாம், தெங்காஸ், திலாப்பியா, குட்டையில் சுற்றும் பீக்காக் பாஸ் எல்லாவற்றுக்கும் போதும். பாசி அடர்ந்த ஏரியில் விரால் இனத்துப் பெரிய மீனான தோமான்தான் வேண்டும் என்றால் 8-ஆம் எண் தேவை. தோமான் கொக்கியில் மாட்டியதும் நேராகக் கட்டைக்குள்தான் ஓடும். 6-ஆம் எண் கம்பால் அதை நிறுத்த முடியாது. ஆனால் முதல் கம்பாக 8-ஐ வாங்காதீர்கள். கை வலிக்கும், பழகவே பிடிக்காது.

கம்பு எவ்வளவு விறைப்பு என்பதையும் பாருங்கள். 'ஃபாஸ்ட்' என்று எழுதியது நுனியில் மட்டும் வளையும், நேரத்தைத் துல்லியமாகப் பிடிக்கச் சொல்லும். புதியவருக்கு 'மீடியம் ஃபாஸ்ட்' நல்லது. நடுவரை வளைவதால் நூலின் பாரம் கைக்குத் தெரியும்.

ரீலுக்கு அதிகம் செலவழிக்க வேண்டாம். நம் அளவு மீனுக்கு அது நூலைச் சுற்றி வைக்கிற உருளைதான். உருளையின் நடு அச்சு அகலமாக இருந்தால் நூல் சுருள் பிடிக்காது, அதை மட்டும் பாருங்கள்.

காசை நூலில் போடுங்கள். இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். முதலில் ஒரு கடையில் கொடுத்த நூலை அப்படியே வாங்கிவந்தேன். காலை எட்டு மணிவரை நன்றாக ஓடியது. வெயில் ஏறியதும் வேகவைத்த மீஹூன்போலத் துவண்டு, கம்பின் வளையங்களில் ஒட்டிக்கொண்டது. வீச்சு பாதித் தூரம்கூடப் போகவில்லை. என் கைதான் சரியில்லை என்று பல வாரம் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது குளிர்ந்த நீருக்காகச் செய்த நூல். சூட்டில் அதன் பூச்சு இளகும். நம் வெயிலுக்கு 'டிராப்பிகல்' என்று குறித்த, உள்நரம்பு விறைப்பான நூல்தான் வேண்டும். பெட்டியில் 'டபிள்யூ எஃப் 6 எஃப்' என்று இருக்கட்டும். முன்பக்கம் தடித்தது, 6-ஆம் எண், மிதப்பது என்று பொருள். மூழ்கும் நூல் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ரீலிலிருந்து முள்வரை

ரீலில் முதலில் பேக்கிங் என்ற பின்னல் நூல், 20 பவுண்டு தாங்கக்கூடியது, ஒரு 50 மீட்டராவது சுற்றவேண்டும். பெரிய மீன் நூல் முழுவதையும் இழுத்துக்கொண்டு ஓடினால் கைகொடுப்பது இது. அதன்மேல் ஃபிளை நூல். அதன் முனையில் லீடர், அதாவது தடிமனில் தொடங்கி மெல்லிசாக முடிகிற தங்சி. கடைசி இரண்டடிக்கு டிப்பெட் என்று பெயர், அதில்தான் ஃபிளையைக் கட்டுகிறோம்.

லீடரைக் கடையில் சுருளாக வாங்கலாம். ஆனால் இங்கே வீட்டிலேயே கட்டிக்கொள்வது சுலபம். நான் கட்டுவது இப்படி: 40 பவுண்டு தங்சி மூன்றரை அடி, 25 பவுண்டு இரண்டடி, 15 பவுண்டு இரண்டடி. மொத்தம் ஏழரை அடி. தடித்த பக்கம் ஃபிளை நூலோடு சேரும். வீச்சின் விசை தடிமனிலிருந்து மெலிவுக்குப் படிப்படியாக இறங்கினால்தான் ஃபிளை நீண்டு விழும். ஒரே தடிமன் தங்சியைக் கட்டினால் எல்லாம் குவியலாக விழுந்து மீனை விரட்டும்.

செபராவுக்குத் தாடையில் பல் கிடையாது, அது கெண்டை இனம். மேற்சொன்ன லீடரே போதும். தோமானுக்குப் பல் உண்டு. அதற்குப் போகும்போது கடைசியில் ஒரு அடிக்கு 50 பவுண்டு தங்சியோ மெல்லிய வயரோ சேருங்கள்.

முடிச்சுகளில் மூன்று போதும். நூலையும் லீடரையும் வளையத்துக்குள் வளையம் கோத்துச் சேர்ப்பது ஒன்று. இப்போது வருகிற பெரும்பாலான நூல்களில் முனையிலேயே வளையம் ஒட்டிவருகிறது. தங்சியோடு தங்சி சேர்க்க, இரண்டையும் பக்கத்தில் பக்கமாக வைத்து ஒரு சாதாரண முடிச்சுக்குள் இரண்டு முறை நுழைத்து இழுக்கும் சர்ஜன் முடிச்சு. ஃபிளையைக் கட்ட கிளின்ச் முடிச்சு. தங்சியை முள்ளின் கண்ணில் நுழைத்து, நின்ற நூலின்மேல் ஐந்து சுற்றுச் சுற்றி, கண்ணுக்குப் பக்கத்தில் உண்டான சிறு வளையத்துக்குள் முனையை விட்டு, பிறகு வந்த பெரிய வளையத்துக்குள்ளும் விட்டு இறுக்கவேண்டும். இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த தங்சியை இழுத்தால் உராய்வுச் சூட்டில் அதன் பலம் குறைந்துவிடும். அந்த ஒரு துளி எச்சிலை மறந்ததால் போன மீன்கள் எனக்குத் தெரியும்.

கம்பில் நூலைக் கோக்கும்போது முனையைப் பிடித்துக்கொண்டு வளையம் வளையமாக நுழைக்காதீர்கள். கை நழுவினால் எல்லாம் சரிந்து கீழே வந்துவிடும். தடித்த நூலை இரண்டாக மடித்து, அந்த மடிப்பைக் கோத்துக்கொண்டு போங்கள். நழுவினாலும் மடிப்பு விரிந்து அங்கேயே மாட்டிக்கொண்டு நிற்கும்.

சேவல் இறகில் ஒரு ஃபிளை

கிபி 200 வாக்கில் வாழ்ந்த ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர், மாசிடோனியாவில் ஆட்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி சுற்றி, சேவலின் இறகு இரண்டு கட்டி மீன் பிடித்ததை எழுதியிருக்கிறார். கம்பளியும் சேவலும். தோட்டத்தில் இந்த இரண்டுக்கும் பஞ்சமா? கடையில் ஃபிளை வாங்கலாம்தான். ஆனாலும் முதல் ஒன்றை நீங்களே கட்டிப்பாருங்கள். அதில் மீன் வந்தால் வேறு மாதிரி இருக்கும்.

எங்கள் வீட்டில் கம்பத்துக் கோழி அறுக்கும்போது சேவலின் கழுத்து இறகையும் தொடைப்பக்கத்துப் பஞ்சுபோன்ற இறகையும் தனியாக எடுத்துவைப்பேன். சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் நன்றாக உலர்த்தி, பையில் கட்டி இரண்டு மூன்று நாள் ஐஸ் பெட்டியில் வைக்கவேண்டும். இல்லாவிட்டால் இறகில் இருக்கும் செல்லுப்பூச்சி உங்கள் பெட்டி முழுவதும் பரவிவிடும்.

இதற்கு 6-ஆம் அளவு முள் வேண்டும். முள்ளில் இந்த எண் குறையக் குறைய முள் பெரிதாகும், நினைவில் வையுங்கள். அதை இறுக்கமான ஒரு பிடியில் மாட்டி, தையல் நூலைக் கண்ணுக்குப் பக்கத்தில் தொடங்கி வளைவுவரை நெருக்கமாகச் சுற்றுங்கள். அங்கே தொடைப்பக்கத்து மெல்லிறகை முள்ளின் நீளத்துக்கு வாலாகக் கட்டுங்கள். அதே இடத்தில் கழுத்து இறகின் நுனியையும் ஒரு துண்டுக் கம்பளி நூலையும் கட்டிவிட்டு, தையல் நூலைக் கண்ணருகே கொண்டுவந்துவிடுங்கள். இப்போது கம்பளியை முன்னோக்கிச் சுற்றி உடம்பாக்குங்கள். அதன்மேல் கழுத்து இறகைத் திருகாணிபோல இடைவெளி விட்டுச் சுற்றிக்கொண்டு வாருங்கள். சுற்றச் சுற்ற இறகின் மயிர்கள் நாலாபக்கமும் சிலிர்த்து நிற்கும், கம்பளிப்பூச்சியின் முதுகு மாதிரி. கண்ணருகே எல்லாவற்றையும் கட்டி, முடிச்சுப் போட்டு, அக்காவின் நகப்பூச்சை ஒரு துளி தடவுங்கள். காய்ந்ததும் முடிந்தது.

இதற்கு வூலி பகர் என்று பெயர். கறுப்பிலும் பழுப்பிலும் நாலு வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரில் அந்த வால் மூச்சுவிடுவதுபோல விரிந்து சுருங்கும். மீனுக்கு அது இறாலோ, தலைப்பிரட்டையோ, சிறு மீனோ, எதுவோ ஒன்று.

செபராவுக்கு இன்னொன்று அவசியம்: கிளவுசர் மின்னோ. கண்ணாக இரண்டு சிறு ஈயமணி வைத்து, வெள்ளை மயிரோடு பச்சையோ மஞ்சளோ கட்டியது. அமெரிக்காவில் பாப் கிளவுசர் என்பவர் உருவாக்கியது. மணி தலையில் இருப்பதால் நாம் இழுக்கும்போது மேலேறி, நிறுத்தும்போது தலைகுப்புற இறங்கும். அந்த இறக்கத்தில்தான் செபராவ் அடிக்கும்.

ஹாருவானுக்கும் தோமானுக்கும் மேலே மிதந்து 'ப்ளொப்' என்று சத்தமிடும் பாப்பர். பழைய ஜப்பான் சிலிப்பரின் ரப்பரை வெட்டிக்கூடச் செய்யலாம், நன்றாக மிதக்கும்.

அப்புறம் நம் ஊருக்கே உரிய ஒன்று, செம்பனைப் பழம். ஆற்றோரத்து மரங்களிலிருந்து உதிர்கிற பழத்தைக் கெலாவும் லம்பாமும் ஜெலாவாட்டும் தின்னும். இரைபோட்டுப் பிடிக்கிறவர்கள் காலங்காலமாகப் பழத்தையே முள்ளில் குத்திப் போடுகிறார்கள். நாம் ஆரஞ்சுக் கம்பளியை முள்ளில் பழ வடிவத்துக்கு உருட்டிக் கட்டி, முனையில் கொஞ்சம் கறுப்பு சேர்த்தால் போதும். இதை இழுக்கக்கூடாது. மரத்தடி நிழலில் தொப்பென்று விழவைத்து, ஓட்டத்தோடு போகவிட வேண்டும்.

வீச்சு: திடலில் ஒரு மாதம்

ஆற்றுக்குப் போகாதீர்கள். முதல் ஒரு மாதம் தோட்டத்துப் பந்து திடலுக்குப் போங்கள். பிள்ளைகள் பந்தாட வருவதற்கு முன், காலையில் அரைமணி நேரம். முள் கட்டவேண்டாம், லீடர் முனையில் சிவப்புக் கம்பளித் துண்டு ஒன்று போதும். கண்ணாடியும் தொப்பியும் அந்த நாளிலிருந்தே பழக்கமாகட்டும். பிறகு முள் கட்டும் நாளில் உங்கள் கண்ணைக் காப்பாற்றுவது அந்தக் கண்ணாடிதான்.

1. கம்பின் தக்கைப்பிடியைக் கை குலுக்குவதுபோலப் பிடித்து, கட்டைவிரலை மேலே நீட்டி வையுங்கள். இடக்கையில் நூல். 25 அடி நூலை நேராகத் தரையில் கிடத்துங்கள்.

2. கம்பின் நுனியைத் தரைக்குத் தாழ்த்தி, நூலில் தொய்வே இல்லாமல் இழுத்துக்கொள்ளுங்கள். தொய்வு இருந்தால் நீங்கள் எடுக்கும் விசையில் பாதி அதை நிமிர்த்தவே போய்விடும்.

3. மெதுவாகத் தூக்கத் தொடங்கி, போகப்போக வேகம் கூட்டி, கம்பு கடிகாரத்தில் ஒருமணி இருக்கும் இடத்துக்கு வந்ததும் சட்டென்று நிறுத்துங்கள்.

4. காத்திருங்கள். திரும்பிப் பாருங்கள். நூல் உங்கள் பின்னால் ஒரு வளையமாகப் பறந்து, விரிந்து, நேராகும்.

5. நேராகும் அந்த நொடியில் முன்னோக்கி, மறுபடியும் மெதுவாகத் தொடங்கி வேகம் கூட்டி, பத்துமணி இடத்தில் நிறுத்துங்கள். நூல் முன்னால் விரிந்ததும் கம்பைத் தாழ்த்துங்கள்.

இவ்வளவுதான் வீச்சு. மற்றதெல்லாம் இதன் நீட்சி.

ஏன் சட்டென்று நிறுத்தவேண்டும்? நூலின் பாரத்தால் கம்பு வில்லாக வளைந்திருக்கும். கை நின்றால்தான் வளைவு நிமிர்ந்து அந்த விசை நூலுக்குப் போகும். சுவரில் சுண்ணாம்பு அடிக்கிற மட்டையை உதறிப் பாருங்கள். கை ஓடிக்கொண்டே இருந்தால் சுண்ணாம்பு காலிலேயே சொட்டும், கை டக்கென்று நின்றால்தான் துளி பறக்கும். அந்த நிறுத்தம்தான் இதுவும்.

ஏன் காத்திருக்கவேண்டும்? பின்னால் நூல் நேராகும் முன் முன்னே இழுத்தால் மாட்டுவண்டிச் சாட்டைபோலச் சொடுக்கு விழும். முள் கட்டியிருந்தால் ஃபிளை அந்தச் சொடுக்கிலேயே அறுந்துபோகும். சரி, எவ்வளவு நேரம் காத்திருப்பது? நூல் எவ்வளவு நீளமோ அவ்வளவு. 20 அடிக்குக் கொஞ்சம், 40 அடிக்கு இன்னும் கொஞ்சம். எண்ணிப் பழகாதீர்கள், திரும்பிப் பார்த்துப் பழகுங்கள். சில வாரத்தில் நூல் நேரானதும் கம்பில் ஒரு சின்ன இழுப்பு கையில் தெரியும். அது தெரிந்த நாளில் பார்க்கத் தேவையிருக்காது.

என் பாட்டி பால்மரம் வெட்டியவர். கத்தியைப் பட்டையில் வைத்து ஒரே சீராக இழுப்பார். அவசரப்பட்டு அழுத்தினால் கத்தி மரத்துக்குள் இறங்கிக் காயம் பட்டுவிடும், தயங்கினால் பட்டை சரியாகச் சீவாது. நான் முதன்முதலில் திடலில் கம்போடு மல்லுக்கட்டியதைப் பார்த்துவிட்டு, 'கைய நம்புடா, பலத்த நம்பாத' என்றார். அவர் ஃபிளை கம்பைத் தொட்டதே இல்லை. ஆனாலும் எனக்குக் கிடைத்த சரியான பாடம் அதுதான்.

அடிக்கடி வரும் தவறுகள் மூன்று. மணிக்கட்டை அதிகமாக வளைத்துக் கம்பைப் பின்னால் சாயவிட்டால் நூல் பின்பக்கப் புல்லில் விழும். கம்பின் அடியைச் சட்டைக் கைமடிப்புக்குள் செருகிக்கொண்டு பழகுங்கள், மணிக்கட்டு அடங்கும். தொடக்கத்திலேயே குத்திவிட்டால் நூல் தன்மேலேயே சிக்கி லீடரில் சிறு முடிச்சுகள் விழும். பலரும் காற்றால் வந்தது என்பார்கள், கையால் வந்ததுதான். மூன்றாவது, தூர ஆசை. நம் ஆற்றில் 30, 40 அடிக்குமேல் வீசவேண்டிய இடம் குறைவு. திடலில் பழைய மோட்டார் டயரைப் போட்டு, 30 அடியில் பத்துக்கு ஆறு முறை அதற்குள் கம்பளி விழுந்தால் நீங்கள் ஆற்றுக்குத் தயார்.

பின்னால் இடமில்லாத கரைக்கு இன்னொரு வீச்சு தேவை. தோட்டத்து ஆற்றில் முதுகுக்குப் பின்னால் செம்பனை மட்டையோ நாணலோ இல்லாத இடம் அரிது. அங்கே ரோல் வீச்சுதான். கம்பை மெதுவாகத் தூக்கிக் காதருகே கொண்டுவந்து நில்லுங்கள். நூல் தோளுக்குப் பின்னால் தொங்கி ஒரு தொப்பைபோல வளைந்திருக்கும், முனை தண்ணீரிலேயே கிடக்கும். அங்கிருந்து முன்னோக்கி வேகம் கூட்டி நிறுத்தினால் நூல் சக்கரமாக உருண்டுபோய் விரியும். தண்ணீர் நூலைப் பிடித்துக்கொள்வதால்தான் இது வேலை செய்கிறது. அதனால் இதைப் புல்லில் பழக முடியாது, குட்டைக் கரையில் பழகுங்கள்.

ஆற்றில் இறங்கும் நாள்

காலில் கம்போங் அடிடாஸ் போதும். பால்வெட்டுக்குப் போகிறவர்கள் போடும் அதே ரப்பர் சப்பாத்துதான். அடியில் முளைகள் இருப்பதால் சேற்றில் பிடிப்பு கிடைக்கும். பாசி படர்ந்த கல்லில் மட்டும் எந்தச் சப்பாத்தையும் நம்பாமல், காலைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள்.

தண்ணீரின் நிறத்தைப் பாருங்கள். பச்சையோடிய தெளிவு இருந்தால் நல்ல நாள். மேலே மழைபெய்து தே தாரிக், அதாவது பால் தேநீர் நிறத்தில் ஓடினால் கம்பைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குத் திரும்புவதுதான் நல்லது. மீனுக்கு ஃபிளை தெரியாது.

செபராவ் சோம்பேறி மீன் அல்ல, ஆனால் கணக்குப் பார்க்கிற மீன். ஓட்டத்தை எதிர்த்து நின்று பலத்தை வீணாக்காது. பாறையின் பின்னால் தண்ணீர் சுழன்று அமைதியாகும் இடம், சிற்றோடை ஆற்றில் சேரும் மூலை, விழுந்த மரத்தின் நிழல், வேகநீர் முடிந்து ஆழம் தொடங்கும் விளிம்பு, இங்கெல்லாம் காத்திருந்து, ஓட்டத்தில் வருகிற சிறு மீனைப் பாய்ந்து பிடிக்கும். பக்கவாட்டில் ஒரு கறுப்புப் பட்டையும் சிவந்த வாலும் வைத்து அதை அடையாளம் காணலாம். விடிந்து ஒன்பது மணிவரையும் மாலை ஐந்துக்குமேலும் நல்ல நேரம்.

கிளவுசரை ஓட்டத்துக்குக் குறுக்கே, சற்றுக் கீழ்நோக்கி வீசுங்கள். விழுந்ததும் கம்பின் நுனியைத் தண்ணீர்வரை தாழ்த்தி, நூலை வலக்கை ஆள்காட்டி விரலுக்கு அடியில் கொடுத்து, இடக்கையால் பின்னிருந்து இழுங்கள். ஒரு நீள இழுப்பு, இரண்டு குட்டை, ஒரு நிறுத்தம். இப்படி மாற்றி மாற்றி. ஒரே தாளத்தில் இழுக்கிற இரையை எந்த மீனும் உயிருள்ளது என்று நம்பாது.

மீன் அடித்ததும் கம்பைத் தூக்காதீர்கள். மூங்கில் தூண்டிலில் பழகிய கை உடனே மேலே போகும். அது முள்ளை மீனின் வாயிலிருந்து உருவிவிடும். கம்பு தாழ்வாகவே இருக்க, இடக்கையால் நூலை ஒரு அழுத்தமான இழுப்பு இழுங்கள். முள் ஏறியபின் கம்பை உயர்த்தலாம். மீன் ஓடினால் நூலை விரலிடையே நழுவவிடுங்கள், நின்றால் வாங்குங்கள். அது இடப்பக்கம் ஓடினால் கம்பை வலப்பக்கம் சாயுங்கள். காலடியில் கிடக்கும் நூலை மிதித்திருக்கிறீர்களா என்று ஒரு பார்வை.

குட்டைகளில், குறிப்பாக ஈயம் தோண்டிய பழைய லொம்போங்களில், இதே முறையில் பீக்காக் பாஸ் வரும். கரைகள் திடீரென்று ஆழமாகச் சரிவதால் அங்கே தண்ணீரில் இறங்கவேண்டாம், கரையில் நின்றே வீசுங்கள்.

எதை எடுப்பது, எதை விடுவது

நம் நாட்டில் உள்நாட்டு நீர்நிலைகளின் மீன்பிடி விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். போகும் இடத்துக்கு அனுமதி தேவையா என்று அந்த வட்டார மீன்வள அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். தோட்டத்து எல்லைக்குள் உள்ள குட்டை என்றால் நிர்வாகத்திடமும் சொல்லவேண்டும். கோலக்குபு பாரு பக்கத்துச் சிலிங் ஆறுபோல, கெலாவுக்காகப் பாதுகாக்கப்பட்ட இடங்களில் தூண்டிலே போடக்கூடாது. கெலா நம் காவிரியின் மகசீருக்கு உறவு, மெதுவாக வளரும் மீன். வேறு ஆற்றில் பிடிபட்டாலும் விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குட்டையின் மேல்பரப்பில் சிவந்த குஞ்சுகள் கூட்டமாக வந்து குமிழிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். அடியில் தாயும் தகப்பனுமாகத் தோமான் காவல் நிற்கும். அந்தக் கூட்டத்தின் நடுவில் பாப்பரைப் போட்டால் கட்டாயம் அடிக்கும், பசியால் அல்ல, பிள்ளைகளைக் காக்க. அந்தப் பெரிய மீனை எடுத்துவிட்டால் குஞ்சுகளை மற்ற மீன்கள் சுற்றிவளைத்துத் தின்றுவிடும். அங்கே வீசாதீர்கள். குழம்புக்கு வேண்டுமானால் திலாப்பியாவும் பீக்காக் பாஸும் எடுங்கள். இரண்டும் வெளிநாட்டிலிருந்து வந்தவை, நம் மீனின் இடத்தைப் பிடிப்பவை.

விடப்போகிற மீனுக்காக முள்ளின் எதிர்முள்ளைக் குறட்டால் முன்பே நசுக்கிவிடுங்கள். கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், காய்ந்த கை மீனின் வழுவழுப்பை உரித்துவிடும். வெதுவெதுப்பான நம் தண்ணீரில் பிராணவாயு குறைவு, அதனால் மீன் சீக்கிரம் களைக்கும். படம் எடுப்பதென்றால் ஒன்று போதும். தலை ஓட்டத்தை எதிர்நோக்க நீருக்குள் தாங்கிப் பிடியுங்கள், வாலை உதறி அதுவே போகும்.

மழை, மின்னல், தலைத்தண்ணீர்

கார்பன் கம்பு மின்சாரத்தைக் கடத்தும். மத்தியானத்துக்குமேல் இடி கேட்டதும், மழை வராவிட்டாலும், கம்பைக் கீழே வைத்துவிட்டு ஒதுங்குங்கள். மின்கம்பிக்கு அடியில் வீசவே கூடாது.

அதைவிடப் பயப்படவேண்டியது கெப்பாலா ஆயிர். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும், மலையில் பெய்த மழை ஒரே சுவராக வந்து சேரும். தெளிந்த நீர் திடீரென்று கலங்கினால், இலையும் சுள்ளியும் கூடுதலாக மிதந்து வந்தால், மேலேயிருந்து ஓர் இரைச்சல் கேட்டால், யோசிக்காமல் மேட்டுக்கு ஏறுங்கள். கம்பு போனால் போகட்டும். ஆற்றின் நடுத்திட்டில் தனியாக நிற்கும் பழக்கமே வேண்டாம்.

காலில் ஆறாத புண் இருந்தால் அன்று தண்ணீரில் இறங்காதீர்கள், எலிச் சிறுநீர்க் காய்ச்சல் அந்த வழியாகவும் உடம்புக்குள் வரும்.

வீட்டுக்கு வந்தபின்

நூலைத் தரையில் பரப்பி, ஈரத்துணியில் ஒரு துளி சோப்பு வைத்து முழு நீளத்துக்கும் துடையுங்கள். ஒரு நாள் தூண்டிலில் அந்தத் துணி எவ்வளவு கறுக்கிறது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அந்த அழுக்குதான் நூலை மிதக்கவிடாமல் செய்கிறது. வெயிலில் நிறுத்திய காருக்குள் ரீலை விட்டுவைக்காதீர்கள். கம்புத் துண்டுகளைத் துடைத்து, ஒன்றுக்குள் ஒன்று செருகும் முனைகளில் மணல் இல்லையா என்று பார்த்துவிட்டு உறையில் போடுங்கள்.

ஈரமான ஃபிளையை அப்படியே பெட்டியில் அடைத்தால் மறுவாரம் திறக்கும்போது முள் துருவேறி, பக்கத்தில் உள்ளதையும் கெடுத்திருக்கும். நான் ஜன்னல் கம்பியில் ஒரு ஸ்பாஞ்சுத் துண்டைக் கட்டி, அன்று போட்டதையெல்லாம் அதில் குத்திவிடுவேன். காலையில் காற்றில் இறகு மறுபடி சிலிர்த்து நிற்கும். அப்போது பெட்டியில் எடுத்துவைத்தால் சரி.